புதுப்பிப்பு: மட்டக்களப்பு வெக்கையில் மரதன், புற்றுநோயாளர் நிதி

புற்றுநோயாளருக்கு நிதி சேர்க்க மரதன் ஓடப்போகிறேன், 30 கிலோமீற்றருக்குப் பிறகு கால் பிடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. 42.195 கிலோமீற்றரையும் ஓடி முடித்துவிட்டேன்.

எனக்குக் கைகொடுத்தது இளநீர் அல்ல, ஜீவனிதான் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்). இளநீரில் பொட்டாசியம்தான் நிறைய; வியர்வையில் கூடுதலாகப் போவது சோடியம், அது ஜீவனியில் இருக்கிறது. கல்லடிப் பாலத்தில் விடியமுன் ஓடச் சொன்ன அண்ணா, நீங்கள் சொன்னதும் சரி. புழுக்கம் அப்போதும் இருக்கும், வெயில் இராது.

எதிர்பாராதது: அள்ளிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் உறவினரைக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனவர்கள். அந்த இரவு பஸ் பயணத்தின் பாடு அவர்களுக்குத் தெரியும். காசை என் கையில் வாங்கவில்லை. இங்கே ஒரு அக்கா சொன்னபடி, நேரே நோயாளர் நலன்புரிச் சங்கக் கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் அனுப்பச் சொன்னேன்.