போனில் விட்ட பக்கத்தை ஐபேடில் தொடர வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் வரை எனக்கு ஆண்ட்ராய்டு போனில் காமிக்ஸ்தான். ராத்திரி வீட்டில் அதையே ஐபேடில் திறந்தால், விட்ட பக்கத்தை முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது.

காமிக்ஸ் கோப்பு வகைகளில் சிபிஆர் (CBR) என்பது பக்கப் படங்களை ரார் (RAR) முறையில் கட்டிய தொகுப்பு, சிபிஇசட் (CBZ) என்பது ஜிப் (ZIP) தொகுப்பு. பெயரை மட்டும் மாற்றினால் போதாது என்பதால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஜிப்பாகக் கட்டிவிட்டேன். 1-க்கு அப்புறம் 10 வந்து நின்ற பக்கங்களுக்கு 001, 002 என்று பெயரும் வைத்தாயிற்று. சரி, விட்ட இடத்தை இரண்டிலும் நினைவில் வைப்பது எப்படி? பழைய லேப்டாப்பில் கோம்கா (Komga, நம் கணினியிலிருந்தே மற்ற கருவிகளுக்குக் காமிக்ஸ் வழங்கும் சர்வர் மென்பொருள்) போட்டவர்கள் இருக்கிறீர்களா? ரயிலில் இணையமில்லாமல் படித்த பக்கமும் பிறகு சேர்ந்துகொள்கிறதா?

இன்னொன்று, போன் திரையில் பேச்சுக் குமிழிக்குள் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரிகின்றன. கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் செயலி இருந்தால் சொல்லுங்கள், அம்மாவும் படிப்பார்.