1,000 ஃபோர்காஸ்ட், 600 ஆர்டர், டிமாண்ட் மட்டும் 1,600 காட்டுகிறது

திட்டமேசை:
ஒரு பொருளுக்கு மாத ஃபோர்காஸ்ட் (எவ்வளவு விற்கும் என்ற முன்கணிப்பு) 1,000, அதை மொத்தமாக 1ஆம் தேதியில் போட்டிருக்கிறோம். 25ஆம் தேதி டெலிவரிக்கு 600 ஆர்டர் வந்தது. ஆர்டர் ஃபோர்காஸ்டில் கழிந்து மொத்தம் 1,000 ஆகவே நிற்க வேண்டும் இல்லையா? எம்ஆர்பி (டிமாண்டைப் பார்த்து எதை எவ்வளவு வாங்க, செய்ய வேண்டும் என்று மென்பொருள் போடும் கணக்கு) ஓட்டினால் டிமாண்ட் 1,600, மூலப்பொருள் வாங்கச் சொல்லிப் பரிந்துரையும் வந்துவிட்டது. பின்னோக்கிக் கழிக்கும் முறை, அதாவது ஆர்டர் தன் தேதிக்கு முன்னால் கிடக்கும் ஃபோர்காஸ்டில் கழியும், வரம்பு 10 வேலை நாள். மென்பொருளில் பிழையா?

கிடங்குக்கணக்கு:
பிழை இல்லை. வாரம் 5 நாள் வேலை என்றால், 25இலிருந்து 10 வேலை நாள் பின்னால் போனால் 11ஆம் தேதிதான் வரும். ஃபோர்காஸ்ட் 1ஆம் தேதியில் கிடக்கிறது, ஆர்டருக்கு அது எட்டவே இல்லை, அதனால் இரண்டும் தனித்தனியாகக் கூடிவிட்டன. வரம்பை 25 ஆக்கி முன்னோக்கியும், அதாவது ஆர்டர் தேதிக்குப் பிந்தைய ஃபோர்காஸ்டிலும், கழிய விடுங்கள், தீர்ந்தது.

மூன்றாம்ஷிஃப்ட்:
பின்னோக்கி சரி. முன்னோக்கி வேண்டவே வேண்டாம். இந்த மாதம் ஆர்டர் 1,300 வந்தால் மிச்ச 300 அடுத்த மாத ஃபோர்காஸ்டைப் பிடித்துத் தின்னும், அங்கே 700தான் மிஞ்சும். அந்த 300 ஒரே ஒருமுறை வந்த ஆர்டர் என்றால் அடுத்த மாதம் வழக்கமான வாடிக்கையாளருக்கு என்ன கொடுப்பீர்கள்? நான் இதில் அடிபட்டவன், உற்பத்தி லைன் இரண்டு நாள் நின்றது. மாதத்தை 250 வீதம் 1, 8, 15, 22 தேதிகளில் நான்கு வாரமாக உடைத்துப் போடுங்கள்.

கிடங்குக்கணக்கு:
உடைத்தால் மட்டும்? அதே 10 நாள் வரம்பில் 600 ஆர்டர் 22, 15 தேதிகளின் 500ஐத்தான் கழிக்கும், மிச்சம் 100 மேலே ஏறி மொத்தம் 1,100 ஆகும். மொத்த மொத்தமாக ஆர்டர் வருகிற பொருளுக்கு வாரக் கணக்கு ஒத்துவராது. அப்புறம், வாடிக்கையாளர் அடுத்த மாத ஆர்டரை முன்னால் இழுத்தாலும் 300 கூடத்தான் வரும். அப்போது அடுத்த மாதத்தில் கழியாவிட்டால் அந்தச் சரக்கு கிடங்கில்தான் தூங்கும்.

மூன்றாம்ஷிஃப்ட்:
அந்த 100 உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மென்பொருளுக்கு முன்னால் இழுத்த ஆர்டர் எது, ஒருமுறை ஆர்டர் எது என்று தெரியாது, அதைத் திட்டமிடுபவர்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை ஆர்டரை ஃபோர்காஸ்டில் கழியாத வகையாகப் பதிந்துவிடுங்கள், விற்பனை வரலாற்றிலிருந்தும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருட ஃபோர்காஸ்ட் அதை நம்பி வீங்கும். இன்னொன்று, போன மாதத்தில் விற்காமல் நின்ற ஃபோர்காஸ்டை யாராவது அழிக்கிறார்களா? நிறைய இடத்தில் அது தேதி கடந்த டிமாண்டாக அப்படியே கிடந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் உற்பத்தி கேட்கும்.

திட்டமேசை:
சோதனைப் பதிப்பில் வரம்பை 23 ஆக்கினேன், ஒரு மாதத்தில் அதற்கு மேல் வேலை நாள் வராது. டிமாண்ட் 1,000 ஆகிவிட்டது. பழையதைத் தேடியதில் வேறொரு பொருளில் போன மாதத்து 400 இன்னும் உயிரோடு இருக்கிறது, நாங்கள் யாரும் அழிக்கவில்லை. முன்னோக்கி இப்போதைக்கு வைக்கவில்லை.

கிடங்குக்கணக்கு:
வைக்காமல் இருக்க முதலில் காரணம் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் ஆர்டரை முன்னால் இழுப்பவர்களா?

திட்டமேசை:
முதலில் கேட்ட தேதியையும் மாற்றிய தேதியையும் வைத்து ஆறு மாத ஆர்டர்களை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.