சோழமண்டலத்தில் பார்த்ததும் எங்கள் நகர்ப் பூங்காவில் செய்ததும்

பொது இடத்தில் வைக்கும் கலை என்றாலே பலரும் வெளிநாட்டுக் கலைக்காட்சிகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் பஸ் ஏறிப் போய்விடக்கூடிய ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு 1966-இல் தொடங்கியது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்துத்தான் நிலம் வாங்கினார்கள். பகலில் பிழைப்புக்குக் கைவேலை, மீதி நேரத்தில் தங்கள் கலை என்று வாழ்ந்தவர்கள். ஒரு குடியிருப்பைக் கலைஞர்களே கூடி உருவாக்கியதற்கு நம் ஊரில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மகளையும் அவள் தோழிகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். உள்ளே, 2009-இல் திறந்த அருங்காட்சியகத்தில் சிற்பிகள் ஜானகிராமின் செப்புத் தகட்டு வேலைகளையும் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களையும் பார்த்தோம். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசம் போல முன்னாலிருந்து பார்ப்பதற்கென்றே செய்தவை. தகட்டின்மேல் கம்பியை வளைத்துப் பற்றவைத்தே கண், புருவம், நகை எல்லாம் வந்துவிடுகின்றன. ஆனால் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டது வெளியே இருக்கும் கருங்கல் சிற்பங்களிடம்தான். ஒரு கல்லில் ஒரு பக்கம் வழவழவென்று தேய்த்திருக்கிறது, மறுபக்கம் உளி கொத்திய தடம் அப்படியே இருக்கிறது. மகள் இரண்டு பக்கத்திலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் பக்கம் சுடுது, அந்தப் பக்கம் சுடல" என்றாள். வெயில் ஒரு பக்கம்தான் விழுந்திருந்தது. மற்றதில் மர நிழல்.

எனக்கு அங்கே பிடித்தது அந்த நிழலும் தரையும்தான். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலோரம் முழுவதும் மணல் பூமி. பெய்கிற மழையை உறிஞ்சி அடியில் நல்ல தண்ணீராக வைத்திருக்கும். அளவுக்கு மீறி ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்தால் கடல்நீர் உள்ளே வரும். மேலே முழுக்க சிமெண்ட் பூசினால் மழைநீர் இறங்க வழியில்லாமல் போகும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். வீட்டுக்குள் குழி தோண்டிவிட்டு, பொது இடத்தை டைல்ஸ் போட்டு மூடினால் என்ன பயன்?

இதைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் நகர்ப் பூங்காவில் முன்பு ஒரு ஃபைபர் சிலையும் நீரூற்றும் வைத்து, சுற்றிலும் டைல்ஸ் பதித்தார்கள். நீரூற்று சீக்கிரமே நின்றுபோனது. சிலை வெளுத்தது. ஐப்பசி மழைக்கு அந்த இடம் மட்டும் குளமாகி, கொசுவும் வந்தது. யாரும் அந்தச் சிலையைத் தொட்டுப் பார்த்ததில்லை, வேலி போட்டிருந்தார்கள்.

பொங்கலுக்குக் குடியிருப்போர் நலச்சங்கம் கலைக்காட்சி வைக்கலாம் என்றபோது, டைல்ஸைப் பெயர்த்துவிட்டு அங்கேயே வைப்போம் என்று சிலர் வாதாடினோம். செலவு வீண் என்று சண்டை வந்தது, அதை விடுங்கள். கடைசியில் சம்மதித்தார்கள். பிள்ளைகள் களிமண்ணில் தவளை, நாரை, பள்ளிக்கரணைச் சதுப்பில் பார்த்த நாமக்கோழி எல்லாம் செய்தார்கள். மாமல்லபுரத்திலிருந்து ஒரு கல்தச்சரை வரவழைத்து, மூன்று பேர் உட்காரும் அளவுக்கு ஒரு கல் செதுக்கச் சொன்னோம். பீடம் கட்ட சிமெண்ட் வாங்கிவரவா என்று கேட்டதற்கு அவர், "எதுக்கு சார்? பள்ளம் எடுத்து மணலைக் கெட்டிச்சு அதுமேல உக்கார வெச்சா போதும். தண்ணி பாட்டுக்கு எறங்கிப் போகும்" என்றார். முதுகு சாயும் பக்கத்தை மட்டும் தேய்த்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் உளித் தடம். பக்கத்தில் ஒரு புங்கன் நட்டோம்.

அடுத்த மழையில் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை. சாயங்காலத்தில் கீரை விற்கும் அம்மா கூடையை இறக்கிவைத்து அந்தக் கல்லில்தான் உட்காருகிறார். கலைப்பொருள்மேல் உட்காரலாமா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். உட்காருவதற்காகத்தான் அதைச் செய்தோம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது பூங்காவின் நடைபாதை டைல்ஸையும் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உங்கள் பகுதியில் யாராவது இதைச் செய்திருந்தால், வயதானவர்கள் தடுக்கி விழாமல் நடக்க என்ன போட்டீர்கள் என்று எழுதுங்கள். சங்கக் கூட்டத்தில் முதல் கேள்வியே அதுதான் வந்தது.