மில்கிராம் சோதனை: ஏன் பலர் எழுந்து போகவில்லை?

கேள்வி: உளவியலாளர் மில்கிராமின் சோதனையில், அடுத்த அறையில் இருப்பவர் தவறான பதில் சொல்லும்போதெல்லாம் விசையை அழுத்தி மின்னதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் சொல்வார்; அதிர்ச்சி போலி என்பது அழுத்துபவருக்குத் தெரியாது. 1963-இல் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை விசையை அழுத்தினார்கள். மிரட்டல் இல்லை. பாதியில் நிறுத்தினாலும் பணம் அவர்களுக்கே. பிறகு ஏன்?

பதில் 1: மின்கருவி அமைப்பைப் பாருங்கள். 30 விசைகள், 15 வோல்ட்டில் தொடங்கி 15, 15-ஆக ஏறும். 300-ஐ அழுத்தியவர் 315-ஐ மறுத்தால், முந்தையதும் தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தக் கூச்சம்தான் ஆளைப் பிடித்து வைக்கிறது. அடுத்த அறையில் இருப்பவரின் குரல் கேட்கும் வடிவத்தில் ‘என்னை விடுங்கள்’ என்ற முதல் கோரிக்கை 150-இல் வரும். அங்கே நிறுத்தாதவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை போனார்கள்.

பதில் 2: சூழலும் முக்கியம். கட்டளை தொலைபேசியில் வந்தபோது கீழ்ப்படிதல் சுமார் 20 சதவீதமாக இறங்கியது. சிலர் குறைந்த வோல்ட்டை அழுத்திவிட்டுப் பொய் சொன்னார்கள். அதே வேலையில் கூட இருந்த இருவர் (நடிகர்கள்) மறுத்தபோது 40-இல் 4 பேர் மட்டுமே முடித்தார்கள். இரண்டு ஆய்வாளர்கள் முரண்பட்டபோது ஒருவர்கூட இல்லை.

பதில் 1: ஆமாம், அதனால் ‘குருட்டுக் கீழ்ப்படிதல்’ என்பது அரைகுறை விளக்கம். உளவியலாளர் பர்கர் செய்து 2009-இல் வெளியிட்ட மறுசோதனையில், ‘வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்’ என்ற நேரடிக் கட்டளையைக் கேட்ட எவரும் தொடரவில்லை.

பதில் 3: நடைமுறையில், எந்த இடத்தில் நிறுத்துவேன் என்பதை வேலை தொடங்குமுன் எழுதி வையுங்கள். பாதியில் யோசித்தால் தாமதம். சந்தேகம் வந்ததும் இன்னொருவரிடம் சத்தமாகக் கேளுங்கள்.