கால்ட்ரான்ஸ் மிக்ஸ் டிசைன்: ஃப்ளை ஆஷ் மாறியதும் திரும்பி வந்துவிட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி (பேட்ச்பிளான்ட்):
கலிஃபோர்னியாவில் கால்ட்ரான்ஸின் (மாநிலப் போக்குவரத்துத் துறை) நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றுக்கு கான்கிரீட் கொடுக்கிறோம். கன கெஜத்துக்குக் குறைந்தது 590 பவுண்டு சிமென்ட்டியஸ் (சிமென்ட்டும் அதோடு சேரும் பொடிகளும்) வேண்டும், அதில் 442 சிமென்ட், 148 ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலைய நிலக்கரிச் சாம்பல்). போன வேலையில் இதே கலவை ஒப்புதல் வாங்கியது. அனல்மின் நிலையங்கள் மூடிக்கொண்டே வருவதால் பழைய ஆஷ் கிடைக்கவில்லை, வேறு இடத்து ஆஷை அதே அளவில் போட்டு அனுப்பினோம், கால்ட்ரான்ஸ் விதிகளில் கான்கிரீட்டுக்கான பிரிவு 90க்கு ஒத்துவரவில்லை என்று மிக்ஸ் டிசைன் திரும்பி வந்துவிட்டது. இதுவும் கிளாஸ் எஃப் (கால்சியம் குறைந்த ரகம்) தானே? சோதனை சிலிண்டர் வலிமையும் நன்றாகவே வருகிறது.

பதில் (ஜல்லிமணல்):
ஆஷ் சர்டிஃபிகேட்டில் கால்சியம் ஆக்சைடு எவ்வளவு?

பேட்ச்பிளான்ட்:
12.4 சதவீதம். பழையது 7 சொச்சம்.

ஜல்லிமணல்:
சிக்கல் அதில்தான். கிளாஸ் எஃப் என்ற பெயரோடு கால்ட்ரான்ஸ் நிற்பதில்லை. கால்சியம் ஆக்சைடு 10 சதவீதம் வரை இருந்தால் ஆஷின் எடையை 12ஆல் பெருக்க வேண்டும், 10க்கு மேல் 15 வரை என்றால் 10ஆல்தான், வந்ததை 590ஆல் வகுத்தால் 3.0 தொட வேண்டும். பழைய ஆஷுக்கு 3.01, புதியதற்கு 2.51. வலிமை எவ்வளவு வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் இது ஜல்லிக்கும் சிமென்ட் ஆல்கலிக்கும் நடக்கும் வினையைத் தடுக்கப் போட்ட விதி. அந்த வினையை 1940இல் உலகுக்குச் சொன்ன தாமஸ் ஸ்டான்டனே கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறைக்காரர்தான். 28 நாள் சிலிண்டரில் இது தெரியவே தெரியாது, பல வருஷம் கழித்துப் பாலம் விரிசல் விடும்போதுதான் தெரியும், அதனால் இதில் சலுகை கேட்காதீர்கள்.

பேட்ச்பிளான்ட்:
அப்போ சிமென்ட்டைத் தொடாமல் 3.0 வருமாறு ஆஷை மட்டும் 177 ஆக்கிவிட்டால் போதுமா?

ஜல்லிமணல்:
போதாது. இரண்டாவது சமன்பாடு ஒன்று இருக்கிறது: 590இலிருந்து தேவையான குறைந்தபட்ச ஆஷைக் கழித்து வருவதற்கு மேல் போர்ட்லாண்ட் சிமென்ட் போகக்கூடாது. 177 ஆஷ் என்றால் சிமென்ட் 413தான்.

பதில் (குளிர்காலவார்ப்பு):
30 சதவீத ஆஷ் குளிரில் மெதுவாகத்தான் இறுகும், ஃபார்ம் கழற்ற நாள் இழுக்கும். நானாக இருந்தால் 148 ஆஷோடு 12 பவுண்டு மெட்டாகயோலின் (சுட்ட களிமண் பொடி) சேர்ப்பேன், அதற்குப் பெருக்கு எண் 25, கணக்கு 3.0ஐத் தாண்டிவிடும், சிமென்ட்டும் 430 வரை போடலாம். உங்கள் ஜல்லி, மணல் இரண்டும் தீங்கற்றவை என்று கால்ட்ரான்ஸ் பட்டியலில் ஏற்றுக்கொண்டவையா என்றும் பாருங்கள், அப்படியானால் 3.0க்குப் பதில் 1.8 போதும், இப்போதைய கலவையே தேறும். ஒப்பந்தத்தின் சிறப்பு விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பேட்ச்பிளான்ட்:
ஜல்லி அந்தப் பட்டியலில் இல்லை. மெட்டாகயோலின் வைத்து ட்ரையல் போடுகிறேன், மிக்க நன்றி.

குளிர்காலவார்ப்பு:
ட்ரையலில் காற்றளவையும் பாருங்கள். புது ஆஷில் கரி கூடுதலாக இருந்தால் ஏர் என்ட்ரெய்னரை (கான்கிரீட்டில் நுண்ணிய காற்றுக்குமிழ்கள் உண்டாக்கும் மருந்து) உறிஞ்சிவிடும், பழைய டோஸ் பத்தாது.