ஐந்தாம் ஜார்ஜ் ஹாஃப் கிரௌன்: 1919-ஆ, 1920-ஆ?

நாணயம் சேகரிக்கும் நண்பர்களுக்கு வணக்கம். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஹாஃப் கிரௌன் (இரண்டரை ஷில்லிங் நாணயம்) ஒன்று கையில் இருக்கிறது. ஆண்டில் '19' மட்டும் தெரிகிறது, மற்ற இரண்டு எண்களும் தேய்ந்துவிட்டன. 1919 வரை 92.5% வெள்ளி (ஸ்டெர்லிங்); 1920-லிருந்து 50%தான். இரண்டுக்குமே எடை 14.14 கிராம் என்பதால் தராசு மட்டும் உதவாது.

எனவே ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) பார்த்தேன். தராசில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, பூஜ்ஜியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினேன். நாணயம் 13.82 கிராம், தராசு காட்டியது 1.40 (நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை), வகுத்தால் 9.87. ஸ்டெர்லிங் என்றால் 10.3-ஐ ஒட்டி வரணும், 50% என்றால் சுமார் 9.6. இது இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது!

எழுத்துகளின் இடுக்கில் காற்றுக்குமிழி ஒட்டினால் விடை குறைவாகத்தான் வரும். அதனால் ஸ்டெர்லிங் என்றே சந்தேகம். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டபின் தராசு 1.36 காட்டியது (வகுத்தால் 10.16).

0.01 கிராம் தராசில் இவ்வளவு பிசகு சகஜமா? நூலை மாற்றணுமா? 50% நாணயம் தேய்ந்தால் தெரியக்கூடிய மஞ்சள் சாயல் இதன் மேடுகளில் இல்லை, அதை நம்பலாமா? தேய்க்கவோ அமிலம் வைக்கவோ சொல்லாதீர்கள், அது நடக்காது.