கோட்டை லோகோ: எந்த ஆண்டுக்கு எது?

கேள்வி: நூலக நிகழ்ச்சிக்கு டிஸ்னி, பிக்சார் தொடக்க லோகோக்களை வரிசையாகக் காட்டும் 3 நிமிடக் காணொளி தயாரிக்கிறேன். பழைய வீடியோ டேப்பில் இருக்கும் இசை, புளூரேயில் இருப்பதைவிட வேகமாக ஓடுகிறது. எது அசல்?

பதில் 1: புளூரேதான் சரி. சிங்கப்பூரில் விற்ற டேப்புகள் 'பால்' (PAL) என்ற, நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் தொலைக்காட்சி முறை. நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25-ஆக ஓட்டுவதால் 20 நொடி லோகோ 19.2 நொடியில் முடிந்துவிடும், சுருதியும் சுமார் 0.7 அரைச்சுரம் ஏறும். எடிட்டரில் வேகத்தை 96% ஆக்குங்கள். 'சுருதியைக் காப்பாற்று' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுருதி இறங்காது.

பதில் 2: வேகத்தைவிட ஆண்டுதான் வம்பு. நீலப் பின்னணியில் தட்டையான கோட்டை, மேலே வளைந்து போகும் ஒளிக்கோடு: இது 1985. ஆறு, ரயில், கொடி, வாணவேடிக்கையோடு கணினிக் கோட்டை 2006. 2011-இல் பெயர் வெறும் 'டிஸ்னி' என்று சுருங்கியது. 2022-இல் நூற்றாண்டுக் கோட்டை. பிக்சார் விளக்கு 1986 குறும்படத்தில் பிறந்தது. 'டாய் ஸ்டோரி'க்கு (1995) பிக்சாரே தனியாக ஒரு கணினிக் கோட்டை செய்தது, அதை 2006 வகையோடு சேர்த்துவிடாதீர்கள்.

பதில் 3: மறுவெளியீடுகளில் பழையதை வெட்டிப் புதியதை ஒட்டுவதுண்டு. 1990களின் படத்தில் 2006 கோட்டை வந்தால் ஒட்டுவேலைதான். லோகோ முடியும் இடத்தில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். படத்தின் முதல் இசை சட்டென்று பாதியில் தொடங்கினால் வெட்டு அங்கேதான்.